சார் போட்டா வருது, நானா போட்டா வரலை

இன்ஜினீயரிங் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரம் எந்த ஊர்க் கல்லூரி கேன்டீனில் போய் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "சார் போர்டுல போடும்போது நல்லாப் புரியுதுண்ணா. அதையே நானா போட்டா வரலை." சொல்வது முதலாண்டுப் பையன். கேட்டுக்கொண்டிருப்பது மூன்றாமாண்டு அண்ணன். பாடம் பெரும்பாலும் எம்-ஒன், அதாவது முதல் செமஸ்டர் கணக்கு. அண்ணன் டீயை உறிஞ்சியபடி ஆறுதல் சொல்வார்: "விடுறா, அரியர் வைக்காதவன் இன்ஜினீயரே இல்ல."

அந்த ஆறுதலால் பயன் உண்டோ இல்லையோ, பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை. சார் போட்டபோது புரிந்ததும் உண்மை, தானாகப் போட்டபோது வராததும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகளின் பொறியியல் படிப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது.

வீட்டில் இதை யாரும் இப்படிப் பார்ப்பதில்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் 180-க்கு மேல் வாங்கிக் கவுன்சலிங்கில் சீட் எடுத்த பிள்ளை. தெருவில் சாக்லேட் கொடுத்தாயிற்று. அந்தப் பிள்ளை ஆறே மாதத்தில் கணக்கில் ஃபெயில் என்றால் அப்பாவுக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று: செல்போன், சேர்க்கை, ஹாஸ்டல். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் செல்போனைத் தொடாத, ஹாஸ்டலில் தங்காத, வீட்டிலிருந்து காலேஜ் பஸ்ஸில் போய்வருகிற, படிப்ஸ் என்று பெயர் வாங்கிய பெண்ணும் அதே தாளில் தடுமாறுகிறாளே, அதற்கு என்ன சொல்வது?

பிளஸ் டூவில் அவள் எப்படிப் படித்தாள் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு புத்தகம், ஒரு வருடம். புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டும் பயிற்சிக் கணக்கும்தான் உலகம். முதல் ரிவிஷன், இரண்டாவது ரிவிஷன், மூன்றாவது ரிவிஷன் என்று அதே கணக்கை ஐந்தாறு தடவை போட்டிருப்பாள். ஒரு கட்டத்தில் கணக்கின் முதல் வரியைப் பார்த்ததுமே கை தானாக ஓடும். அதைக் கணக்குத் தெரிவது என்று பள்ளி நம்பியது, வீடு நம்பியது, அவளும் நம்பினாள். இன்னொரு கூத்தும் உண்டு. பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொட்டும் தொடாமலும் ஒதுக்கிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே அரைத்த பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏராளம். லிமிட், வகைக்கெழு, முக்கோணவியல் முற்றொருமைகள் என்று கல்லூரிக் கணக்கின் அஸ்திவாரம் முழுக்க அந்த ஒதுக்கப்பட்ட புத்தகத்தில்தான் இருந்தது. 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது எம்-ஒன்னுக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் இந்தத் தாளுக்குப் பெயர் மேட்ரிக்சஸ் அண்டு கால்குலஸ். ஐந்து யூனிட். மேட்ரிக்ஸில் தொடங்கி, வகையீடு, பல மாறிச் சார்புகள், தொகையீடு என்று போய், கடைசி யூனிட்டில் இரட்டைத் தொகையீடு, மும்மைத் தொகையீடு. பள்ளியில் ஒரு வருடம் ஊறப்போட்ட அளவுக்குச் சரக்கு இங்கே ஒரே செமஸ்டரில் வந்து விழுகிறது. ரிவிஷன் கிடையாது. அதே கணக்கை ஐந்து தடவை போட நேரமும் கிடையாது. கூடவே இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம், லேப். பழைய படிப்பு முறை இங்கே செல்லாது என்று யாரும் அவளுக்குச் சொல்வதில்லை.

கடைசி யூனிட்டிலிருந்து ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 'சேஞ்ச் ஆஃப் ஆர்டர்' என்று பெயர். இ-யின் அடுக்காக ஒய் ஸ்கொயர் இருக்கிறது. அதை முதலில் ஒய்-ஐப் பொறுத்து, எக்ஸ் முதல் 1 வரை தொகையிட வேண்டும். பிறகு எக்ஸைப் பொறுத்து 0 முதல் 1 வரை. கொடுத்த வரிசையில் போனால் முதல் படியிலேயே முட்டுச்சந்து. நமக்குத் தெரிந்த சார்புகளால் அந்தத் தொகையீட்டை எழுதவே முடியாது. சார் என்ன செய்கிறார்? போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணத்தைக் கிறுக்குகிறார். எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, குறுக்கே ஒரு சாய்கோடு, மேலே ஒரு படுக்கைக் கோடு. அந்த முக்கோணத்தை நிமிர்ந்த பட்டைகளாக வெட்டுவதற்குப் பதில் படுத்த பட்டைகளாக வெட்டுகிறார். இப்போது எக்ஸ் 0 முதல் ஒய் வரை ஓடுகிறது. எக்ஸைப் பொறுத்து முதலில் தொகையிட்டதும் ஒரு ஒய் வெளியே வந்து விழுகிறது. அந்த ஒய் கைக்கு வந்ததும் முட்டுச்சந்து திறந்து, இரண்டே வரியில் விடை: இ கழித்தல் 1, வகுத்தல் 2.

சார் அந்த முக்கோணத்தை வரைய எடுத்துக்கொள்வது பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் நம் மாணவி என்ன செய்துகொண்டிருக்கிறாள் தெரியுமா? முந்தைய வரியைக் காப்பி செய்துகொண்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்க்கும்போது படம் முடிந்து, புது லிமிட்டுகள் போர்டில் வந்துவிட்டன. அவற்றையும் எழுதிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து ஒழுங்காக இறங்கி வருகிறது. எல்லாம் புரிகிறது. நோட்டில் விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு மூடுகிறாள். கணக்கு முழுவதும் அந்த முக்கோணத்தில்தான் இருந்தது, அது மட்டும் நோட்டில் இல்லை. இருந்தாலும் ஓரத்தில் ஒப்புக்கு இருக்கும்.

போர்டைப் பார்க்கும்போது நமக்குப் புரிவது ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும் பாதை. அந்த வரிக்கு ஏன் போனோம், வேறு வரிக்கு ஏன் போகவில்லை என்ற முடிவை சார் தன் மனசுக்குள் எடுத்து முடித்துவிட்டார். தனியாக உட்காரும்போது அந்த முடிவை நாம் எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் பேனா நிற்கிறது. யூடியூபில் ஒன்றரை மடங்கு வேகத்தில் எம்-ஒன் வீடியோ பார்ப்பவர்களுக்கும் இதே கதிதான், இன்னும் வேகமாக.

இதற்கு மருந்து ரொம்பப் பழையது, கசப்பானதும்கூட. அன்றைக்கு வகுப்பில் போட்ட கணக்கில் ஒன்றை, அன்று ராத்திரியே, நோட்டை மூடிவைத்துவிட்டு வெள்ளைத் தாளில் போடுவது. மாட்டிக்கொண்டால் நோட்டைத் திறந்து ஒரே ஒரு வரி பார்த்துவிட்டு மறுபடி மூடுவது. எந்த வரியில் மாட்டினோமோ அந்த வரியைத் தனியாக ஒரு நோட்டில் குறித்துவைப்பது. இதில் முக்கியமான சொல் 'மூடிவைத்து' என்பதுதான். திறந்துவைத்துப் பத்து கணக்கைப் பார்த்துப் பார்த்து எழுதுவதைவிட, மூடிவைத்து இரண்டு கணக்கில் முட்டி மோதுவது மேல்.

நான் கிளாஸ் எடுப்பதாக நினைக்க வேண்டாம், இதற்கு ஆய்வே இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், திரும்பப் படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. பரீட்சை ஹால் வாசலில் பையைப் போடும்வரை நோட்டைப் புரட்டுகிறவர்களை இனி நான் கேலி செய்ய மாட்டேன். அந்த ஐந்து நிமிடக் கணக்குக்கு அவர்கள் செய்வது சரிதான். ஒரு செமஸ்டருக்கு அது போதாது.

கணக்குக்கென்றே இன்னொரு ஆய்வு உண்டு. தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ரோரர், டெய்லர் இருவரும் 2007-ல் வெளியிட்டது. கேள்விப்படாத நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒரே வகைக் கணக்குகளை மொத்தமாக முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது. மற்றக் குழுவுக்கு நான்கு வகையையும் கலந்துகட்டிக் கொடுத்தார்கள். பயிற்சியின்போது முதல் குழு 89 சதவீதம் சரியாகப் போட்டது. கலந்து போட்டவர்கள் வெறும் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20 சதவீதத்துக்கு விழுந்தது. கலந்து போட்டவர்கள் 63-ல் நின்றார்கள். பயிற்சியில் யாருக்கு நன்றாக வருகிறதோ அவருக்குத்தான் பரீட்சையில் வருவதில்லை என்பதைப் படிக்கும்போது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கிறது.

நம்மூர் கொஸ்டின் பேங்கைப் பாருங்கள். யூனிட் வாரியாக, டைப் வாரியாக அடுக்கியிருக்கும். 'டைப் 3' என்று தலைப்பைப் பார்த்தவுடனேயே எந்த முறை என்று தெரிந்துவிடும். அடுத்தடுத்துப் பன்னிரண்டு கணக்கு அதே முறையில் போடலாம். 'வந்துருச்சு மச்சான்' என்று எழுந்திருக்கலாம். எந்த முறை என்று தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் ஒரு தடவைகூடச் செய்திருக்க மாட்டோம். வீட்டிலேயே இதற்கு வழி உண்டு. பழைய வருடத்துக் கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுத்து, கேள்விகளைத் துண்டு துண்டாக நறுக்கிக் குலுக்கிப்போட்டு எடுத்துப் போடலாம். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். தெரியட்டும்.

கொஸ்டின் பேங்கைத் திட்டுவது பத்திரிகைக்காரர்களுக்கும் வைஸ் சான்சலர்களுக்கும் பிடித்தமான பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செமஸ்டர் கேள்வித்தாளின் அமைப்பு எல்லோருக்கும் தெரியும்: டூ மார்க் பத்து, மிச்சமெல்லாம் பெரிய கேள்விகள். சேஞ்ச் ஆஃப் ஆர்டர் கணக்கு வந்தால், "வரிசையை மாற்றி மதிப்பிடுக" என்று கேள்வியே முறையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. ஒரே மாதிரிக் கேள்விகள் வருடா வருடம் திரும்பி வருகின்றன. இந்த நிலையில் பழைய கேள்விகளைப் புரட்டாமல் ஜெர்மன்காரர் க்ரைசிக் எழுதிய தலையணைப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிக்கச் சொல்வது பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அநியாயம். க்ரேவாலும் வீரராஜனும் எழுதிய புத்தகங்களில் தீர்த்துக்காட்டிய கணக்குகள் நிறைய இருப்பதால்தான் நம் பிள்ளைகளின் கைக்கு அவை போகின்றன, அதில் தப்பில்லை. பாஸ் ஆவதற்குக் கொஸ்டின் பேங்க் போதும். அது எதற்குப் போதாது என்பது மூன்றாம் வருடத்தில் தெரியும்.

எம்-ஒன்னின் முதல் யூனிட்டிலேயே ஐகன் வேல்யூ வரும். நான்கு எண் கொண்ட ஒரு சின்ன மேட்ரிக்ஸ்: மேல் வரிசையில் 4, 1, கீழ் வரிசையில் 2, 3. சமன்பாடு எழுதினால் லாம்டா ஸ்கொயர் கழித்தல் 7 லாம்டா கூட்டல் 10 சமம் 0. விடை 5, 2. மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ் என்றால் கேஸியோ கால்குலேட்டரில் கியூபிக் சமன்பாட்டைத் தட்டி விடையை எடுத்துவிட்டு, ஸ்டெப்புகளைப் பின்னாலிருந்து எழுதுகிற கெட்டிக்காரர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. முழு மார்க் வந்துவிடும். அந்த 5 என்றால் என்ன என்று கேட்டால் மட்டும் "ஐகன் வேல்யூ சார்" என்பார்கள்.

போட்டுத்தான் பார்ப்போமே. 1, 0 என்ற வெக்டாரை அந்த மேட்ரிக்ஸுக்குள் அனுப்பினால் 4, 2 ஆக வெளியே வருகிறது. நீளமும் மாறிவிட்டது, திசையும் திரும்பிவிட்டது. இப்போது 1, 1-ஐ அனுப்புங்கள். 5, 5 வருகிறது. திசை அப்படியே இருக்கிறது, நீளம் மட்டும் ஐந்து மடங்கு. அடுத்தது 1, கழித்தல் 2. வெளியே வருவது 2, கழித்தல் 4. இங்கும் திசை மாறவில்லை, நீளம் இரண்டு மடங்கு. எல்லா வெக்டாரையும் திருப்பிவிடுகிற இந்த மேட்ரிக்ஸ், இரண்டே இரண்டு திசைகளில் மட்டும் திருப்பாமல் நீட்டி விடுகிறது. எவ்வளவு நீட்டுகிறது என்பதுதான் அந்த 5-உம் 2-உம். இரண்டையும் கூட்டினால் மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை 7, பெருக்கினால் அணிக்கோவையின் மதிப்பு 10 என்று விடையைச் சரிபார்க்கவும் ஒரு வழி கிடைக்கிறது. பரீட்சையில் அரை நிமிட வேலை. எத்தனை பேர் செய்கிறார்கள்?

இதே எம்-ஒன் எழுதிய மெக்கானிக்கல் அல்லது சிவில் மாணவர் பிறகு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் தாளில் பிரின்சிபல் ஸ்ட்ரெஸ் படிக்கிறார், அதற்கு மோர் சர்க்கிள் வரைகிறார். பிறகு அதிர்வியலில் ஒரு கட்டடத்தின் இயல்பு அதிர்வெண்களைக் கண்டுபிடிக்கிறார். பக்கத்து வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி மெஷின் லேர்னிங்கில் பிரின்சிபல் காம்பொனன்ட் அனாலிசிஸ் படிக்கிறாள். நாலு படத்தில் நாலு வேஷம் கட்டிய ஒரே நடிகர்: எல்லாமே ஐகன் வேல்யூதான். மேக்கப்பைக் கலைத்துக் காட்ட ஒருவரும் வராததால் நம் பிள்ளைகள் நான்கு தடவையும் புதிதாக மனப்பாடம் செய்கிறார்கள். கணக்குத் துறைக்காரருக்கு ஸ்ட்ரெஸ் பற்றிக் கவலையில்லை. மெக்கானிக்கல் சாருக்கு ஐகன் வேல்யூவை மறுபடி தொட நேரமில்லை.

1981-ல் ஆய்வாளர் மிச்சலின் சீயும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஒரு ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. இயற்பியல் கணக்குகளை அட்டைகளில் எழுதிக்கொடுத்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து அடுக்கச் சொன்னார்கள். கற்றுக்குட்டிகள் கப்பி வருகிற கணக்கையெல்லாம் ஒரு பக்கம், சாய்தளம் வருகிற கணக்கையெல்லாம் இன்னொரு பக்கம் வைத்தார்கள். கரைகண்டவர்கள் ஆற்றல் அழியா விதியால் தீர்கிற கணக்குகளை ஒரே அடுக்கில் வைத்தார்கள், அதில் கப்பி இருந்தாலும் சரி, ஸ்பிரிங் இருந்தாலும் சரி. நாம் இன்னும் கப்பியையும் சாய்தளத்தையும் தலைப்பாகப் போட்டு நோட்ஸ் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

சூத்திரங்களிலும் இதே கோளாறு. இரண்டு முனையிலும் தாங்கிய பீம் ஒன்றின் மேல் சீரான பாரம் இருந்தால், அதன் நடுப்பகுதி எவ்வளவு தொய்யும் என்பதற்கான சூத்திரத்தில் கீழே 384 என்று ஓர் எண் வரும். சிவில் படித்த யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 384 சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த எண்ணையே பெயராக வைத்தாலும் வைப்பார்கள் போல. அதே சூத்திரத்தில் மேலே நீளத்தின் நான்காம் அடுக்கு இருக்கிறது. அப்படியென்றால், மீட்டருக்கு அதே பாரத்தை வைத்துக்கொண்டு பீமின் நீளத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் தொய்வு 16 மடங்கு ஆகும். ஹாலுக்கு நடுவில் தூண் வேண்டாம் என்று வீட்டுக்காரர் அடம்பிடிக்கும்போது இன்ஜினீயர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது அந்த நான்காம் அடுக்கில் இருக்கிறது. 384-ஐ மறந்தால் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்குப் பரீட்சையிலேயே இடம் உண்டு. மெஷின் டிசைன் தாளுக்குக் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் டேட்டா புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். கான்கிரீட் டிசைனுக்கு ஐ.எஸ். 456 கோடு புத்தகம். முதல் தடவை கேள்விப்படும் ஜூனியர்கள், "புக்கோட போயே எழுதலாமாண்ணா?" என்று வாய்பிளப்பார்கள். உள்ளே போனால்தான் தெரியும். டேபிளைத் தேடுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். எந்த மெட்டீரியல், எவ்வளவு பாதுகாப்புக் காரணி என்று முடிவு செய்ய வேண்டியவர் நாம். வெளியே வந்து ஒப்பிட்டால் பக்கத்து பெஞ்சுக்காரன் ஷாஃப்ட்டின் விட்டம் வேறு, நம்முடையது வேறு. இரண்டுமே சரியாக இருக்கலாம் என்பதை ஏற்க, பன்னிரண்டு வருடமாக ஒரே விடைக்குப் பழகிய மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் வேறு ரகம். மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறும் முதலாண்டுப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கே.வி. நடராஜன் புத்தகம் பலருக்கு அதில் கோயில் மாதிரி. ஆனால் சாய்ந்து நிற்கும் ஒரு கூம்பை ஒரு தளம் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகம் எப்படி இருக்கும் என்பது புத்தகத்தைப் படித்து வருவதில்லை. அதை மனக்கண்ணில் சுழற்றத் தெரிய வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகள் இதற்குத் துணி சோப்பையும் கேரட்டையும் வைத்து வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கேரட்டைக் கூம்பாகச் சீவி, பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு. நீள்வட்டம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். இன்னும் சாய்த்து, பக்கவாட்டுக்கு இணையாக வெட்டினால் பரவளையம். பிறகு கேரட்டைத் தின்றுவிடலாம். சோப்பில் அந்த வசதி இல்லை.

லேபைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சொல்வதெல்லாம் வருத்தம். முதலாண்டு பிசிக்ஸ் லேபில் ஏர் வெட்ஜ் என்று ஒரு சோதனை. இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, மறுமுனையில் மெல்லிய கம்பியோ தலைமுடியோ செருகி, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் டிராவலிங் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தால் கறுப்பும் மஞ்சளுமாக வரிவரியாகத் தெரியும். அந்த வரிகளின் இடைவெளியை அளந்தால் முடியின் தடிமன் கிடைத்துவிடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒன்றை, தன் தலையிலிருந்தே பிடுங்கி, ஒளியை வைத்து அளக்கும் வாய்ப்பு! நம் பிள்ளைகள் செய்வது என்ன? சீனியர் ரெக்கார்டு நோட்டிலிருந்து விடையை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னாலிருந்து தயாரிப்பது. வெர்னியரில் கண் வைப்பதே இல்லை. மார்க்கை விடைக்குக் கொடுக்காமல், "உன் ரீடிங் ஏன் தள்ளிப்போச்சு?" என்ற கேள்விக்கான பதிலுக்குக் கொடுத்தால் இந்தப் பழக்கம் ஒரு செமஸ்டரில் ஒழியும்.

பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வகுப்பு எல்லா ஹாஸ்டலிலும் நடக்கிறது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும். ஆசிரியர், சக மாணவர்தான். சுற்றிலும் ஏழெட்டுப் பேர், ஒருவன் கட்டிலில் படுத்தபடி.

"மச்சான், இதுல ஏன்டா திடீர்னு லிமிட்ட மாத்துறாங்க?"

"டேய், மொதல்ல படத்தப் போடு. இந்தா, இது ஒய் ஈக்வல் டு எக்ஸ் கோடு. நீ எந்தப் பக்கம் கோடு போட்டு வெட்டுற?"

"நேரா."

"அதான் மாட்டுற. படுக்க வச்சு வெட்டு."

பகலில் ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் நடந்து, இரண்டு யூனிட்டைத் தாண்டிப் போன பாடம், ராத்திரியில் தமிழில் நான்கு வரியில் இறங்கிவிடுகிறது. அதற்கு மொழி ஒரு காரணம். 2010-லேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. ஆனால் ஆங்கில வழி வகுப்பிலும் பாடம் உண்மையில் புரிகிற இடம் பெரும்பாலும் தமிழ்தான். விடைத்தாளில் மட்டும் அது ஆங்கிலம். இன்னொரு காரணம், இங்கே கேள்வி கேட்க வெட்கமில்லை. 60 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் "ஏன் லிமிட்டை மாத்துறோம்?" என்று கேட்க நெஞ்சழுத்தம் வேண்டும்.

இந்த ராத்திரி வகுப்பில் ஒரு விசித்திரம் உண்டு. கேட்பவர்கள் பாஸ் ஆவார்கள்; சொல்லிக்கொடுத்தவன் நல்ல மார்க் வாங்குவான். அவன் முன்பே தெரிந்தவன் என்பதால் மட்டும் இல்லை. ஏழு பேரின் "ஏன்"களுக்கும் அவன் பதில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அந்த வேலையிலேயே பாடம் அவனுக்குள் உறைந்துவிட்டது. இதை மாற்றி மாற்றிச் செய்தால் எல்லோருக்கும் லாபம்: யூனிட் ஒன்று ஒருத்தி, யூனிட் இரண்டு இன்னொருத்தி. பரீட்சைக்கு முந்தின ராத்திரி வரை காத்திருக்கவும் தேவையில்லை.

இவ்வளவும் செய்து, அப்படியும் அரியர் விழுந்தால்? விழத்தான் செய்யும். 2020-ல் கொரோனா சமயத்தில், கட்டணம் கட்டியிருந்த அரியர் தாள்களில் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தபோது ஊர் ஊராக நன்றி போஸ்டர் ஒட்டினார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது வேறு கதை. அந்தப் போஸ்டர்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு ஒவ்வொரு செமஸ்டரிலும் புதுத் தாள்களோடு பழைய தாளையும் தூக்கிக்கொண்டு நடப்பது என்னவென்று தெரியாது.

அரியர் விழுந்தவர்கள் எல்லோரும் செய்வது ரிவேல்யூவேஷனுக்குப் போடலாமா என்று மார்க்கைக் கணக்குப் பார்ப்பது. அதற்கு முன்படியாக விடைத்தாளின் போட்டோகாப்பி வாங்க வேண்டும். காசு கட்டி வாங்கிய அந்தப் போட்டோகாப்பியை மாணவர்கள் எதற்குப் புரட்டுகிறார்கள் என்றால், எங்காவது மார்க் போடாமல் விட்டிருக்கிறார்களா, கூட்டல் தப்பா என்று பார்க்க. இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தன் கையால், நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது, யாரும் உதவாமல் எழுதிய கணக்குகள் அதில் இருக்கின்றன. எந்த வரியில் மைனஸ் தொலைந்தது, எந்தக் கேள்வியில் படமே வரையாமல் லிமிட்டை ஊகித்தோம், எந்தப் பெரிய கேள்வியை நேரமில்லாமல் பாதியில் விட்டோம் என்று எல்லாம் தெரியும். எந்த டியூஷன் சாரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டார். மார்க் தேறாது என்று தெரிந்தாலும் அடுத்த தடவை எம்-ஒன் எழுதப்போகிறவர்கள் போட்டோகாப்பிக்கு விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் தேதி முடிந்துவிடும், கல்லூரி நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.